தண்ணீர் குடிக்கச் சொல்கிறீர்கள், கழிப்பறை எங்கே?

ஜனவரி பிறந்துவிட்டால் கல்லூரி மாணவர்களுக்கு அறிவுரை சொல்லாத ஆளைப் பார்ப்பது கஷ்டம். நாளிதழ் இணைப்பில் ‘புத்தாண்டில் உங்களை நீங்களே கவனித்துக்கொள்ள எளிய வழிகள்’ வந்துவிடும். யூடியூபில் ஒருவர் வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து ஐந்து மணிக்கு எழுந்திருக்கச் சொல்வார். கல்லூரி அரங்கில் பொன்னாடை போர்த்திக்கொண்ட சிறப்பு விருந்தினர் திருமூலரிலிருந்து தொடங்குவார். சரக்கு எல்லாரிடமும் ஒன்றுதான். சீக்கிரம் எழு, மூன்று லிட்டர் தண்ணீர் குடி, காலைச் சாப்பாட்டை விடாதே, எட்டு மணி நேரம் தூங்கு, போனை ஒதுக்கி வை, மனசு பாரமாக இருந்தால் யாரிடமாவது பேசு. இவற்றோடு வாய்விட்டுச் சொல்லாத வரி ஒன்றும் உண்டு: இதைக்கூடச் செய்ய முடியவில்லை என்றால் உனக்கு மனஉறுதி போதாது.

அறிவுரைகளில் தப்பு ஏதும் இல்லை. எந்த டாக்டரும் இதைத்தான் சொல்வார். நான் மறுப்பது கடைசியாகச் சொன்ன அந்த வரியை. இன்றைக்கு அது பொதுக்கருத்தாகவே ஆகிவிட்டது. பெற்றோர் அதை நம்புகிறார்கள், பேராசிரியர்கள் நம்புகிறார்கள். மாணவர்களும் அதையே நம்பி, பிப்ரவரி வருவதற்குள் தங்களைத் தாங்களே திட்டிக்கொள்ள ஆரம்பித்துவிடுகிறார்கள் என்பதுதான் இதில் மோசம்.

இந்த அறிவுரைகளைக் கடலூர் மாவட்டத்தின் நல்லூர் ஒன்றியத்தில் வைத்துப் பார்ப்போம். விருத்தாசலத்துக்கு மேற்கே கரும்பும் முந்திரியும் மக்காச்சோளமும் விளைகிற பூமி அது. மணிமுத்தாறு ஓடும், பல மாதங்கள் மணல்தான் ஓடும். இந்தக் கிராமங்களின் பிள்ளைகளுக்குக் கல்லூரி என்றால் விருத்தாசலம்தான். திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி அங்கே இருக்கிறது. பீங்கானுக்குப் பேர்போன ஊர் என்பதால் செராமிக் டிப்ளமோ சொல்லித்தரும் அரசுப் பயிலகமும் இருக்கிறது. நான் சொல்லப்போவது எந்த ஒரு கல்லூரியைப் பற்றியதும் அல்ல; தமிழ்நாட்டில் எந்தத் தாலுகா ஊரின் அரசுக் கல்லூரிக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம்.

ஐந்து மணிக்கு எழுவதிலிருந்தே தொடங்கலாம். ராபின் சர்மா 2018இல் ‘தி ஃபைவ் ஏஎம் கிளப்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். அதைப் படித்துவிட்டுத்தான் நம் பேச்சாளர்களில் பாதிப்பேர் மேடையேறுகிறார்கள். நல்லூர்ப் பக்கத்து மாணவிக்கு அந்தக் கிளப்பில் புதிதாகச் சேர வேண்டிய அவசியம் இல்லை. மார்கழியில் நாலரை மணிக்கே வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு, குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்குக் குடத்தோடு நிற்கிறாள். தை பிறந்தால் முகூர்த்தம். அப்போது பையன்களைப் பார்க்க வேண்டும். கேட்டரிங்கில் ‘சர்வீஸ்’ போகிற பையன்கள் முந்தின இரவே மண்டபத்துக்கு வந்துவிடுவார்கள். வரவேற்புப் பந்தி முடிந்து இலை எடுத்து, மேசை துடைத்து, பாத்திரங்களை ஏற்றி இறக்கி, மண்டபத்து மூலையில் நாற்காலி இரண்டை இழுத்துப் போட்டுக் கண்ணயர்வார்கள். நாலு மணிக்கு மாஸ்டர் எழுப்பிவிடுவார். ஐந்தரைக்கு, ஒருவன் அளவுக்குத் தைத்து இன்னொருவன் போட்டிருக்கிற யூனிஃபார்மில், வலது கையில் கரண்டியும் இடது கையில் சாம்பார் வாளியுமாக முதல் பந்தியில் நிற்பார்கள். எட்டு மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு கல்லூரி பஸ்ஸுக்கு ஓட்டம். முதல் பீரியடில் இந்தப் பையன் தூங்கி விழுந்தால், ‘ராத்திரி பூரா போன் பார்த்திருப்பான்’ என்று தீர்ப்பு வந்துவிடும்.

அரசு கலைக் கல்லூரிகள் பலவற்றில் இரண்டு ஷிப்டு. காலை ஷிப்டுப் பிள்ளை அடுப்பு பற்றவைக்கும் நேரத்தில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறது. மதிய ஷிப்டுப் பிள்ளை இருட்டிய பிறகு ஊர் திரும்புகிறது. நடுவில் டவுன் பஸ். அரசு பஸ்ஸில் மாணவர்களுக்கு இலவச பாஸ் உண்டு. பெண்களுக்கு 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணமே கிடையாது. இரண்டும் பெரிய காரியங்கள், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பஸ் வந்தால்தானே பாஸ்? காலை ட்ரிப் ஒன்றை விட்டுவிட்டால் அடுத்தது வருவதற்குள் அட்டெண்டன்ஸ் போய்விடும். அதற்காகத்தான் தட்டில் வைத்த இட்லியை அப்படியே விட்டு ஓடுகிறார்கள். காலை உணவைத் தவிர்க்காதே என்ற அறிவுரை சேர வேண்டிய விலாசம் போக்குவரத்துக் கழகத்தின் நேர அட்டவணை. அது மாணவியின் டைரிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

சாப்பாட்டில் இன்னொரு விசித்திரமும் உண்டு. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்கு 2022 செப்டம்பர் 15 முதல் காலை உணவு. பத்தாம் வகுப்பு வரை சத்துணவு. காமராஜர் போட்ட மதிய உணவிலிருந்து, எம்.ஜி.ஆர். 1982இல் விரிவாக்கிய சத்துணவு வழியாக இன்றுவரை, வகுப்பறைக்குப் பிள்ளை வர வேண்டும் என்றால் முதலில் வயிறு நிறைய வேண்டும் என்பதை உலகத்துக்கே செய்து காட்டிய மாநிலம் இது. அதே பிள்ளை பதினேழு வயதில் கல்லூரி வாசலை மிதித்தவுடன் அதே மாநிலம் அதனிடம், ‘காலை உணவின் முக்கியத்துவம்’ என்று பவர்பாயிண்ட் போட்டுக் காட்டுகிறது. பசிக்கு வயது வரம்பு வைத்தது யார்?

விடுதி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அரசு நலத்துறை விடுதிகளில் கல்லூரி மாணவருக்கான உணவுப்படி மாதம் 1,100 ரூபாயாக இருந்தது. 2023இல் 1,500 ஆக உயர்த்தினார்கள். நாளைக்கு ஐம்பது ரூபாய், மூன்று வேளைக்கு. அந்த ஐம்பதைக் கையில் வைத்துக்கொண்டு விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு ஓட்டல் ஒன்றில் ஒரு வேளை வயிறாரச் சாப்பிட்டுப் பாருங்கள். 2025 ஜூலையில் இந்த விடுதிகளுக்கெல்லாம் சமூகநீதி விடுதி என்று பெயர் வைத்தார்கள். நல்ல பெயர். முட்டையும் பருப்பும் பெயரில் வேகாது.

இப்போது தண்ணீர். இதில்தான் எனக்குக் கோபம் அதிகம். மூன்று லிட்டர் குடிக்கச் சொல்கிறவர்கள் எல்லாம், உள்ளே போன தண்ணீர் வெளியே வர ஓர் இடம் வேண்டும் என்பதை யோசிக்காதவர்கள். தாழ்ப்பாள் இல்லாத கதவு, பக்கெட் இருந்தால் மக் இல்லை, மக் இருந்தால் குழாயில் தண்ணீர் இல்லை, விளக்கு எரியாது, குப்பைக்கூடை கிடையாது. இப்படிப்பட்ட கழிப்பறைக்குப் போவதைவிட அடக்கிக்கொள்வதே மேல் என்று பெண்பிள்ளைகள் முடிவு செய்கிறார்கள். அடக்க வேண்டும் என்றால் குடிக்கக் கூடாது. காலையில் நிரப்பிய பாட்டில் சாயங்காலம் முக்கால்வாசி அப்படியே பையில் திரும்பி வரும். மாதவிடாய் நாட்களில் நிலைமை இன்னும் மோசம். நாப்கின் மாற்ற இடமில்லாமல் அன்றைக்கு லீவு போட்டுவிடுவார்கள். பிறகு நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், மாத்திரை. அந்தப் பெண்ணை உட்காரவைத்து ‘தண்ணீர் குடிக்கும் பழக்கத்தை வளர்த்துக்கொள்’ என்று சொல்வதைப் போன்ற கொடுமை வேறு இல்லை. பழக்கம் அவளுக்கு இருந்தது. கல்லூரிதான் அதை மறக்கடித்தது.

சோர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிற, மூன்றாவது பீரியடில் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிற பெண்ணிடம் ‘பாசிட்டிவாக யோசி’ என்கிறார்கள். அவளுக்கு வேண்டியது ஹீமோகுளோபின் பரிசோதனை, இரும்புச்சத்து மாத்திரை, கீரை, முட்டை. முதல் இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கும். கல்லூரிக்கு ஒரு நாள் அந்த நிலையத்து ஆட்களை வரவழைத்தால், சிறப்பு விருந்தினர் பத்துப்பேர் பேசிச் செய்ய முடியாததை ஒரு மதியத்தில் செய்துவிடலாம்.

அடுத்து ஓய்வு. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் அகல் விளக்கோ கோப்பையோ பொம்மையோ செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மண்ணை அரைத்துக் கூழாகக் கரைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மோல்டில் ஊற்றுவார்கள். மோல்டு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, உள்சுவரில் மண் ஏடு படியும். வேண்டிய கனம் வந்ததும் மீதிக் கூழைக் கவிழ்த்துவிட்டு, இறுகியதும் பிரித்தெடுத்துப் பிசிறு சீவுவார்கள். அதே மோல்டில் திரும்பத் திரும்ப ஊற்றினால் அது ஈரம் கோத்துப்போய் உறிஞ்சாது. பண்டம் வடிவம் பிடிக்காது. அப்போது அதைக் கழற்றி வெயிலில் காயவைப்பார்கள். ‘இந்த மோல்டுக்கு மனஉறுதி இல்லை’ என்று எந்த மேஸ்திரியும் சொல்லி நான் கேட்டதில்லை. ஓய்வு வேண்டும் என்பது தொழில் தெரிந்தவருக்குத் தெரியும். அதற்கு இடமும் நேரமும் ஒதுக்குவது பட்டறையின் வேலை. அந்தப் பட்டறைகளில் கார்த்திகை சீசனுக்கும் கொலு சீசனுக்கும் கூலிக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளிடம்தான், ‘ஓய்வை நீயே திட்டமிட்டுக்கொள்’ என்கிறோம்.

இதற்கு மூன்று பதில்கள் வரும் என்று எனக்குத் தெரியும்.

முதல் பதில் பெரியவர்களிடமிருந்து வரும். ‘நாங்கள் எல்லாம் தெருவிளக்கில் படித்தோம், பழைய சோறு சாப்பிட்டோம், எங்களுக்கு என்ன கவுன்சிலிங்கா கொடுத்தார்கள்?’ இப்படிச் சொல்பவர்கள் எல்லாரும் தப்பிப் பிழைத்து மேடைக்கு வந்தவர்கள். அதே தெருவிளக்கில் உட்கார்ந்து, பாதியில் படிப்பை விட்டு, லாரியில் கிளீனராகப் போனவருக்கு யாரும் மைக் கொடுப்பதில்லை. அவரையும் கூப்பிட்டு வைத்துக் கேட்டால்தான் கணக்கு நேராகும். தவிர, அந்தத் தலைமுறையில் பலரைப் பள்ளியில் உட்காரவைத்ததே காமராஜர் போட்ட மதியச் சோறுதான். தன் முயற்சி நினைவிருக்கிறது, அந்தச் சோறு மட்டும் மறந்துபோகிறது.

இரண்டாவது பதில் இன்னும் வலுவானது. ‘அரசு எவ்வளவோ செய்கிறது. 2022 முதல் புதுமைப் பெண், 2024 முதல் தமிழ்ப் புதல்வன், மாதம் ஆயிரம் ரூபாய் கணக்கில் விழுகிறது. அதற்கு மேலும் என்ன?’ அந்த ஆயிரம் ரூபாய் என் வாதத்துக்குத்தான் சாட்சி. பெண்பிள்ளைகளிடம் ‘உயர்கல்வியின் அவசியம்’ என்று உரையாற்றாமல், கையில் காசு கொடுத்தார்கள். காரியத்தின் முறை அதுதான். ஆனால் ஆயிரத்தை முப்பதால் வகுத்தால் நாளைக்கு முப்பத்துமூன்று ரூபாய். அதில் தேர்வுக் கட்டணம், போன் ரீசார்ஜ், ஜெராக்ஸ், வீட்டில் சிலிண்டர் தீர்ந்தால் அம்மாவுக்குக் கைமாற்று. அதிலேயே பழமும் பாலும் வாங்கி உடம்பைத் தேற்றிக்கொள் என்றால் அந்தக் கணக்கு எப்படிச் சரிவரும்? மத்திய அரசின் 2021–22 கணக்கெடுப்பில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 விழுக்காடு. பெருமைப்பட வேண்டிய எண். அப்படிக் கல்லூரிக்குள் வந்தவர்களில் எத்தனையோ பேர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். வாசல்வரை கூட்டிவந்த பிறகு, உள்ளே வந்தவருக்கு உட்கார இடம் போட வேண்டாமா?

மூன்றாவது பதில், மனநலம் பேசுகிறவர்களுடையது. ‘வெளிச்சூழல் எப்படியிருந்தாலும் மனசைப் பார்த்துக்கொள்வது நம் கையில்தான், யாரிடமாவது பேசலாமே.’ யாரிடம்? 2022இல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாக தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்தது. அதில் 1,416 பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், நூறு மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள எல்லாக் கல்வி நிறுவனங்களிலும் தகுதிபெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. உங்கள் ஊர்க் கல்லூரியில் போய்க் கேளுங்கள். இருக்கிற பேராசிரியர் ஒருவரின் பெயரையே ‘ஆலோசகர்’ என்று போர்டில் எழுதியிருந்தால், அது உத்தரவை நிறைவேற்றியது ஆகாது. இன்டர்னல் மார்க் போடுகிறவரிடம் எந்தப் பிள்ளை மனசைத் திறக்கும்? வகுப்புகளில் பெரும்பகுதியை எடுக்கிற கௌரவ விரிவுரையாளரோ, அடுத்த ஆண்டு வேலை உண்டா என்ற கவலையில் இருக்கிறார். அவரிடம் பேசலாம், அவர் யாரிடம் பேசுவார்?

மனநல உதவிக்கு 14416 என்ற இலவச எண் இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். தாங்க முடியாத நேரத்தில் யோசிக்காமல் அதை அழையுங்கள், 104ஐயும் அழைக்கலாம். நான் எதிர்ப்பது இந்த எண்களை அல்ல. எண்ணைச் சுவரில் ஒட்டியதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிற நிர்வாகத்தைத்தான்.

போன் விஷயத்தில் மட்டும் எதிர்த்தரப்புக்குப் பாதி விட்டுக்கொடுக்கிறேன். ராத்திரி ஒன்றரை மணிவரை ரீல்ஸ் தள்ளுவதற்குப் போக்குவரத்துக் கழகமும் காரணமல்ல, அரசாங்கமும் காரணமல்ல. உதட்டுக்குள் புகையிலைப் பொட்டலம் அதக்குவதும் அப்படித்தான். அவை மாணவர்கள் கையில் இருப்பவை, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் பாதிதான் விட்டுக்கொடுப்பேன். பாடக்குறிப்பு வாட்ஸ்அப்பில், ஹால் டிக்கெட் இணையத்தில், உதவித்தொகை விண்ணப்பம் இணையத்தில், பஸ் வருமா என்று கேட்பதும் தோழிக்குப் போன் போட்டுத்தான். போனைத் தூக்கிப் போடச் சொல்கிறவர்கள் இதில் எதை நிறுத்திவைக்கப் போகிறார்கள் என்று சொன்னதில்லை.

தன்னைத் தான் பார்த்துக்கொள்வது என்கிற இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் பிளாக் பாந்தர் கட்சி, 1969 ஜனவரியில் ஓக்லண்டின் ஒரு தேவாலயத்தில், பள்ளிக்குப் போகும் குழந்தைகளுக்குக் காலை உணவு கொடுக்கத் தொடங்கியது. பிறகு இலவச மருத்துவமனைகளும் நடத்தியது. கவிஞர் ஆட்ரி லார்ட் 1988இல், புற்றுநோயோடு போராடிக்கொண்டே, தன்னைக் காத்துக்கொள்வதை ஓர் அரசியல் செயலாக எழுதினார். சமுதாயம் கைவிட்டவர்கள் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்த கதை அது. பின்னால் சந்தை அதைக் கையில் எடுத்து டைரியாகவும் ஆப்பாகவும் வாசனை மெழுகுவத்தியாகவும் விற்கத் தொடங்கியது. அங்கேகூடக் கல்லூரிகள் அதோடு நிற்கவில்லை. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே 1993இல் உணவு வங்கி தொடங்கினார்கள், பிறகு பல கல்லூரிகளில் அது பரவியது. நாம் மெழுகுவத்தியை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம்.

அமெரிக்காவரை போக வேண்டியதும் இல்லை. விருத்தாசலத்திலிருந்து கடலூர் போகிற வழியில் வடலூர். 1867இல் ராமலிங்க அடிகள் அங்கே சத்திய தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. சோதி வழிபாட்டைச் சொன்னவர், சத்திய ஞான சபையைக் கட்டுவதற்கு முன்பே சோற்றுக்கு ஏற்பாடு செய்தார். ஆன்மாவைப் பற்றி அவரைவிட அதிகம் தெரிந்த தன்னம்பிக்கைப் பேச்சாளர் யாரும் இந்த மாவட்டத்துக்கு வந்துவிடவில்லை. தைப்பூசத்துக்கு வடலூர் போய்வருகிற கல்லூரி நிர்வாகிகள் எத்தனையோ பேர். வருகிற வழியில் தங்கள் கல்லூரி கேன்டீனையும் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம்.

இந்த மாவட்டத்தின் புத்தாண்டுகள் எப்படிப் பிறக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர்க் கரையைக் கடந்தது. 2012 ஜனவரி ஒன்றாம் தேதி விடிந்தபோது கரண்டு இல்லை, கூரை இல்லை, பலாவும் முந்திரியும் வேரோடு கிடந்தன. ஒரு முந்திரித் தோப்பு திரும்ப எழுந்து காய்ப்பதற்குள் ஒரு பிள்ளை கல்லூரிப் படிப்பையே முடித்துவிடும். அந்தப் பிள்ளைகளை அந்த வருஷம் படிக்கவைத்தது காலைத் தியானமா? உறவுக்காரர் கொடுத்த அரிசி, நிவாரணம், கட்டணத்துக்குத் தவணை சொன்ன ஓர் அலுவலர், புத்தகம் கொடுத்த சீனியர் அண்ணன், இவைதான். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோதும் இதே கதை.

ஆகவே இந்தப் புத்தாண்டுக்கு மாணவர்களிடம் நான் கேட்பது வேறு. டைரி வாங்குங்கள், எழுதுங்கள், யார் தடுத்தது? ஆனால் அதில் ‘நான் இனிமேல்’ என்று தொடங்குகிற பக்கத்தை ஒதுக்கிவிட்டு, ஒரு வாரம் கணக்கு எழுதுங்கள். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எந்தக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, எத்தனை பேர் சாப்பிடாமல் வந்தார்கள், ஆலோசகர் என்று யாராவது உண்டா. வகுப்பில் பத்துப்பேர் சேர்ந்து எழுதினால் அது மனு. கல்லூரி முதல்வருக்கு ஒரு பிரதி, விழுப்புரம் கோட்டப் போக்குவரத்துக் கழகத்தின் விருத்தாசலம் பணிமனைக்கு ஒரு பிரதி, திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் கலெக்டருக்கு ஒரு பிரதி. ரசீது கேட்டு வாங்குங்கள்.

அதோடு விடாதீர்கள். ஜனவரி 26 அன்று உங்கள் ஊராட்சியில் கிராம சபை கூடும். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லாரும் அதன் உறுப்பினர்கள். பதினெட்டு நிரம்பி, பட்டியலில் பெயரும் இருந்தால் உங்களை யாரும் ‘சின்னப் பிள்ளை, உனக்கென்ன’ என்று உட்காரவைக்க முடியாது. காலை பஸ்ஸுக்கு ஒரு தீர்மானம் போடச் சொல்லிக் கேளுங்கள்.